வேலூர்ப் பக்கம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் தடுப்பூசிக் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு முழுக்க, கைக்குழந்தை உள்ள வீடுகளில் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கூடவே, மழைக்காலத்துக்கு முன்னால் பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டிய ஃப்ளூ ஊசி பற்றியும் எழுதியிருக்கிறேன். குழந்தைகளுக்கான பதில்கள் அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையை ஒட்டியவை. உங்கள் குழந்தைக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு, வலிப்பு, எதிர்ப்புச் சக்திக் குறைவு போன்ற சிக்கல் இருந்தால், பார்க்கும் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

எந்த வயதில் என்ன ஊசி? ஒரே இடத்தில் சொல்லுங்களேன்.

பிறந்ததும் மூன்று: இடது தோளில் காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி., வாயில் போலியோ சொட்டு, தொடையில் மஞ்சள் காமாலை பி ஊசி. இந்தக் காமாலை ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால் பிரசவத்தின்போதே குழந்தைக்குத் தொற்றிவிடும். அவசரம் அதனால்தான்.

அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி, போலியோ சொட்டு, பேதிக்கான ரோட்டா சொட்டு மருந்து. பென்டா ஒரே ஊசியில் ஐந்து நோயைத் தடுக்கிறது: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி. இதில் 6, 14 வாரங்களில் மட்டும் நிமோனியா ஊசியும் போலியோ ஊசியும் சேர்ந்து வரும்.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, நிமோனியா பூஸ்டர், மூன்றாவது போலியோ ஊசி, வைட்டமின் ஏ திரவம். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது ஊசி, முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி) பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர். 5 வயது முடிந்ததும் முத்தடுப்பு இரண்டாவது பூஸ்டர். 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான டி.டி. ஊசி.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியை அந்த நோய் பரவும் மாவட்டங்களில் மட்டும் 9 மாதத்திலும் 16 மாதத்துக்கு மேலும் போடுகிறார்கள். உங்கள் ஊரில் உண்டா என்று நர்ஸிடம் கேளுங்கள். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1955-இல், வேலூர் வட்டாரத்தில்தான்.

முதல் மூன்றரை மாத ஊசிகளை யாரும் மறப்பதில்லை. பாட்டியோ அத்தையோ நினைவுபடுத்திவிடுவார்கள். விட்டுப்போவது 16 மாத ஊசியும் 5 வயது ஊசியும். குழந்தை நடக்கிறது, பேசுகிறது, நன்றாகத்தானே இருக்கிறது என்று அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் அந்த இரண்டு தேதிகளை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே போனில் குறித்துவிட்டால் இன்னும் நல்லது.

எங்கே போடுவது? காசு உண்டா?

மேலே சொன்ன எல்லாமே அரசு இடங்களில் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், கிராமத்தில் துணை சுகாதார நிலையம் அல்லது அங்கன்வாடி, நகரத்தில் பென்ட்லண்ட் அரசு மருத்துவமனை, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று எங்கும் போடலாம். ஊர்ப்புறத்தில் வழக்கமான நாள் புதன்கிழமை.

நாள் குறிப்பதற்கும் காரணம் இருக்கிறது. பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா மருந்துகள் தூளாக வருகின்றன. கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருப்பதால் எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொல்கிறார்கள். அந்த நாளில் போய்விட்டால் அலைச்சல் மிச்சம்.

தனியாரில் "வலி இல்லாத ஊசி" என்கிறார்களே, அது உசத்தியா?

பென்டாவுக்குப் பதிலாகப் போடும் அந்த ஊசியில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, அது உண்மை. கக்குவான் இருமல் கிருமியை முழுதாகப் போடாமல் அதன் சில பகுதிகளை மட்டும் பிரித்துச் செய்த ஊசி அது. ஆனால் முழுக் கிருமியில் செய்த ஊசி தரும் பாதுகாப்பு அதைவிட அதிக நாள் நிற்கிறது. அரசு நிலையத்தில் போடுவது இந்த இரண்டாவது வகை. ஒரு ராத்திரி காய்ச்சலைத் தாங்கிக்கொண்டால் கிடைப்பது நீடித்த காப்பு. கடன் வாங்கி வலியில்லா ஊசி போடத் தேவையே இல்லை என்பதுதான் என் எண்ணம்.

ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் கொதிக்கிறது, தொடை கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

பென்டா போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் அழுகையும் சகஜம். உடம்பு பாடம் படிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். குல்லா, ஸ்வெட்டர், போர்வை என்று சுற்றாதீர்கள். வேலூர் வெயிலில் அதுவே காய்ச்சலை ஏற்றிவிடும்.

பாராசிட்டமால் கொடுப்பதானால் எடைக்குத் தகுந்த அளவு முக்கியம்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 கிலோ குழந்தைக்கு 50 முதல் 75 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். தவறு நடப்பது பாட்டிலில்தான். சொட்டாக வரும் மருந்து கெட்டியானது, சிரப் நீர்த்தது. அக்காவின் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சிரப் அளவில் உங்கள் குழந்தைக்குச் சொட்டு மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது. லேபிளில் "1 மி.லி.யில் இத்தனை மி.கி." என்று போட்டிருப்பதைப் பார்த்து, நர்ஸிடம் மி.லி. கணக்காகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட இடத்தில் ஈரத்துணி வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம், விளக்கெண்ணெய், மஞ்சள், தைலம் எதுவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். சின்னக் கட்டி சில வாரம் இருந்து தானே கரையும்.

3 மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதால், வலிப்பு வந்தால், துவண்டுபோனால், மூச்சுத் திணறினால், இரண்டு நாளுக்கு மேலும் காய்ச்சல் விடாவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடுமையான ஒவ்வாமை வருவது மிக மிக அரிது. வந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே வரும். அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதைக் கவனிக்கத்தான். பஸ் போய்விடுமே என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சீழ் வைத்திருக்கிறது.

அப்படித்தான் ஆகும். சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறி, தழும்பாகும். பவுடர், களிம்பு எதுவும் போடாதீர்கள். தழும்பே வரவில்லை என்றாலும் மறுபடி போடத் தேவையில்லை. அக்குளில் நெறி கட்டிப் பெரிதானால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சளி பிடித்திருக்கிறது, லேசாகப் பேதி ஆகிறது. தள்ளிப்போடலாமா?

வேண்டாம். சளி, இருமல், லேசான பேதி, லேசான உடம்புச் சூடு எதுவும் தடை இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்து எண்ணித்தான் ஊசி. அவர்களுக்குத்தான் பாதுகாப்பு இன்னும் அவசரம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் காய்ச்சல் இருந்தால் மட்டும், சரியானதும் போடலாம்.

ஒரே நாளில் மூன்று ஊசி, இரண்டு சொட்டு. பிஞ்சு உடம்பு தாங்குமா?

தாங்கும். தரையில் தவழ்ந்து, கிடைத்ததை வாயில் வைக்கிற குழந்தையின் உடம்பு தினமும் எதிர்கொள்ளும் கிருமிகளைப் பார்த்தால் இந்த ஊசிகளில் இருப்பது வெகு சொற்பம். தனித்தனி நாளில் போட்டால் குழந்தை அழும் நாள்தான் கூடும், நடுவில் ஒன்று விட்டும் போகும்.

பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தோம், தேதி தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். ஏற்கெனவே போட்டது வீணாகாது. ஆனால் சில மருந்துகளுக்கு வயது வரம்பு உண்டு. பி.சி.ஜி. ஒரு வயதுக்குள் போட வேண்டும். ரோட்டா, பென்டா இரண்டின் முதல் தவணையையும் ஒரு வயதுக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா 5 வயதுவரை போடலாம்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர்விட்டு ஊர் போகிறவர்கள், ஜவ்வாது மலையிலிருந்தும் பீஞ்சமந்தை போன்ற மலைக்கிராமங்களிலிருந்தும் இறங்கி வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்: குழந்தை எந்த ஊர், எந்த மாநிலம் என்று யாரும் பார்ப்பதில்லை, எந்த அரசு நிலையத்திலும் போடுவார்கள். ரேஷன் கார்டோடு தாய்-சேய் நல அட்டையையும் பையில் வையுங்கள், போதும்.

இந்த ஊர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் மருந்து கெட்டுப்போகாதா?

நியாயமான கேள்வி. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது, மருந்தோ 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. அதற்காகவே சுகாதார நிலையங்களில் தனிக் குளிர்பெட்டி இருக்கிறது. சுவர்களில் பனிக்கட்டி உறைந்திருக்கும், கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிர் தாங்கும். கிராமத்துக்கு எடுத்துப்போகும்போது நான்கு பக்கமும் ஐஸ் பேக் வைத்த சின்னப் பெட்டியில் போகிறது.

நீங்களே சரிபார்க்கவும் வழி உண்டு. குப்பியின் லேபிளிலோ மூடியிலோ சின்னதாக ஓர் ஊதா வட்டம் இருக்கும், அதற்குள் வெளிர்நிறச் சதுரம். சூடு படப்பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது. "சிஸ்டர், அந்தக் குப்பியைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்பதில் தப்பே இல்லை, தாராளமாகக் கேளுங்கள்.

தனியார் மருந்துக்கடையில் வாங்கிக் கிளினிக்குக்கு எடுத்துப்போகிறீர்கள் என்றால் ஐஸ் வைத்துக் கட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். பென்டா, காமாலை ஊசி போன்றவை உறைந்தாலும் கெட்டுவிடும், அதை அந்தச் சதுரம் காட்டாது.

போலியோதான் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சொட்டு மருந்து?

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசியாக நோய் வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் சுற்றுகிறது. விமானத்தில் சில மணி நேரத் தூரம்தான்.

இதில் வேலூருக்குத் தனிப் பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) கிருமியியல் பேராசிரியராக இருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேல்நாட்டில் மூன்று தவணை போதுமாக இருந்த சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதவில்லை, கூடுதல் தவணை வேண்டும் என்று கண்டறிந்தார். ஊரிலுள்ள குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கும் முறையை 1980களில் வேலூரில் நடத்திக் காட்டினார்கள். நாடு முழுக்கப் போலியோ ஞாயிறு வந்தது 1995-இல். வட ஆற்காடு மாவட்டத்து டாக்டர்கள் தங்களிடம் வரும் தொற்றுநோய்களை அஞ்சலட்டையில் எழுதிப் போட, நோய் எங்கே தலைகாட்டுகிறது என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ளும் ஏற்பாடும் இங்கே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் சொட்டு மருந்துப் பெட்டியோடு நிற்பவர்களைப் பார்த்தால் "போன தடவையே கொடுத்துட்டோம்" என்று நகர்ந்துவிடாதீர்கள். 5 வயதுவரை ஒவ்வொரு முகாமிலும் கொடுக்க வேண்டும்.

ரோட்டா கொடுத்தும் பேதி வந்ததே?

பேதிக்குக் காரணமான கிருமிகள் பல, ரோட்டா அதில் ஒன்று. சின்னக் குழந்தைகளை டிரிப்ஸ் போடும் நிலைக்குக் கொண்டுபோவதில் அது முன்னணியில் இருப்பது. இந்திய ரோட்டா மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூரில் அந்த ஆய்வை நடத்தியது சி.எம்.சி.யின் டாக்டர் ககன்தீப் காங் குழு. கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்கு மேல் அது குறைத்தது. முழுக்கத் தடுக்காது, ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டாத அளவுக்குக் குறைத்துவிடும். நம் ஊர்த் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை நம்பிக் கொடுத்து நிரூபித்த மருந்து இது, எனக்கு இதில் பெருமை உண்டு. பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும்தான் வைத்தியம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று. ஊசி போடக் கூடாது என்கிறார் மாமியார்.

திருவிழாத் தேதி முன்கூட்டியே தெரியும். நர்ஸம்மாவிடம் சொல்லி, காப்புக் கட்டுவதற்கு முந்தைய புதன்கிழமையே போட்டுவிடுங்கள். பெரியவர்கள் மனமும் நோகாது, ஊசியும் தவறாது. ஆனால் பிறந்த குழந்தையின் காமாலை ஊசி, அடிபட்டால் போடும் டி.டி., நாய்க்கடி ஊசி ஆகியவற்றைத் திருவிழாவுக்காகத் தள்ளக் கூடாது.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டிருந்தால் வேப்பிலை கட்டி, தனியாகப் படுக்கவைத்து, வெளியாளை விடாமல் வைக்கிற நம் வழக்கம் நல்லது, தொற்று பரவாமல் காக்கும். அதோடு டாக்டரிடமும் காட்டுங்கள். தட்டம்மை என்றால் கண்ணைக் காக்க இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார்கள். "வந்துபோனால் நல்லதுதானே" என்று விடுகிற நோய் அல்ல அது. நிமோனியா, மூளை வீக்கம் என்று கொண்டுபோய்விடும். உடம்பு ஏற்கெனவே சேர்த்துவைத்த எதிர்ப்புச் சக்தியையும் அழித்துவிடும். ஒருவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம்வரை அந்தக் கிருமி காற்றில் நிற்கும்.

9 மாதத்தில் போடும் முதல் ஊசி 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பாதுகாப்புத் தரும். மீதிப் பேருக்காகத்தான் 16 மாத ஊசி. உங்கள் குழந்தை அந்த 85-இலா மீதியிலா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த ஊசியால் ஆட்டிசம் வரும், மலடாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுவரை எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது பரவிய அதே செய்திகள்தான் தேதி மாறி மாறி வருகின்றன. ஆட்டிசக் கதையின் மூலம் 1998-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது, அதிலும் முறைகேடு. வெளியிட்ட இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. 2019-இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள், தொடர்பு எதுவும் இல்லை.

மலடு என்பதற்கு ஆதாரமே கிடையாது. நிலைமை அதற்கு நேர்மாறானது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா வந்தால் கரு கலையலாம், குழந்தை கண்புரையோடும் காது கேளாமலும் இதய ஓட்டையோடும் பிறக்கலாம். இன்று உங்கள் மகளுக்குப் போடும் ஊசி நாளை அவள் வயிற்றுப் பிள்ளையையும் காக்கிறது.

ஃப்ளூ ஊசி யாருக்கு, எப்போது?

நம் பக்கம் ஃப்ளூ தலைதூக்குவது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர்வரை. ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பாதுகாப்பு வரும். அதனால் செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. கிருமி ஆண்டுக்காண்டு உருமாறுவதால் மருந்தையும் மாற்றுகிறார்கள், போன வருஷம் போட்டது இந்த வருஷத்துக்கு ஆகாது. பெட்டியில் உள்ள ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

60 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 6 மாதம் முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகள் ஆகியோருக்கு முதலில். பீடித் தூளிலும் தோல் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து மூச்சிரைப்போடு இருப்பவர்களும் தள்ளிப்போட வேண்டாம். 9 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு முதல் முறை போடும்போது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் போட முடியாது. கர்ப்பத்தில் தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் போகும்.

ஊசி போட்டவருக்கும் மழைக்காலத்தில் காய்ச்சல் வரலாம். டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல் எதையும் ஃப்ளூ ஊசி தடுக்காது. மூன்று நாள் விடாத காய்ச்சல் என்றால் "ஊசிதான் போட்டாச்சே" என்று இருந்துவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கர்ப்பிணிக்கு வேறு என்ன ஊசி?

கர்ப்பம் தெரிந்ததும் டி.டி., 4 வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய கர்ப்பம் 3 ஆண்டுக்குள் என்றால், அப்போது இரண்டும் போட்டிருந்தால், ஒன்று போதும். தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளைக் கர்ப்பத்தில் போடக் கூடாது.

தனியாரில் எழுதித் தரும் எல்லா ஊசியும் அவசியமா? கையில் காசு குறைவு.

டைஃபாய்டு, சின்னம்மை, பொன்னுக்குவீங்கி சேர்ந்த எம்.எம்.ஆர்., மஞ்சள் காமாலை ஏ எல்லாம் பயனுள்ளவைதான், ஆனால் அரசின் அட்டவணையில் இல்லை. ஒன்றுதான் முடியும் என்றால் நான் டைஃபாய்டைச் சொல்வேன். குழாய்த் தண்ணீர் எப்போது வருமென்று குடத்தோடு காத்திருந்து, பிடித்து வைத்துக் குடிக்கிற ஊர் இது. 6 மாதத்துக்கு மேல் போடும் புதுவகை ஊசி ஒரு தவணையிலேயே சில ஆண்டுகள் காக்கும்.

9 முதல் 14 வயது மகள் இருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் பற்றி அரசு நிலையத்திலும் பள்ளியிலும் முதலில் விசாரியுங்கள். அந்த வயதில் போட்டால் தவணையும் குறைவு, பலனும் அதிகம்.

அட்டை தொலைந்துவிட்டது.

பிரசவம் பதிவான சுகாதார நிலையத்தில் கர்ப்பப் பதிவு எண்ணைச் சொன்னால் பதிவேட்டில் பார்த்து மறு அட்டை எழுதித் தருவார்கள். அண்மையில் போட்டவை அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் உங்கள் போன் எண்ணோடு பதிவாகியிருக்கவும் வாய்ப்புண்டு. எங்குமே கிடைக்கவில்லை என்றால், போடாததாகக் கணக்கிட்டு வயதுக்குரியதை மறுபடி போடுவார்கள். கூடுதலாக ஒரு தவணை விழுந்தாலும் கெடுதல் இல்லை. புது அட்டை கைக்கு வந்ததும் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஐந்து வயது ஊசிக்குப் போகும்போது அதைக் காட்டினால் போதும்.